மாடு தின்ற தட்டு

ஆனையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் தட்டு செய்கிறேன். திருவாதவூரிலிருந்து வரும் வைக்கோலை ஊறவைத்து அரைத்து, மரவள்ளி மாவுக் கஞ்சியோடு பிசைந்து, சூடான இரும்பு அச்சில் அழுத்தினால் தட்டு. எங்கேயும் போய்ப் படித்ததில்லை. போனில் பார்த்ததும் கருகவிட்டுக் கற்றதும்தான்.

தட்டு வந்துவிட்டது, சாம்பார்தான் நிற்கவில்லை. கால் மணி நேரத்தில் மடியில் சொட்டியது. அதனால் மேலே ஒரு தோல் போட்டேன். அதே மாவில் கிளிசரினும் வினிகரும் சேர்த்துக் கிண்டித் தடவினால், காய்ந்ததும் பிளாஸ்டிக் தாள் மாதிரியே இருக்கும். மண்ணில் மக்கியும் விடும். ஆனால் சுடுசோறு பட்டதும் அதுவும் இளகியது.

"ஒங்க பிளாஸ்டிக்குக்கு வெக்கம் ஜாஸ்தி. சூடு பட்டா ஒதுங்கிருது" என்றாள் மனைவி.

அழகர்கோவில் பக்கம் அன்னதானம் போடும் பெரியவர் ஒருவர், கசியாத தட்டு கொடுத்தால் திருவிழாவுக்கு மொத்தமும் என்னிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அந்த அவசரத்தில், தச்சர்கள் மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தோலுக்கான கலவையில் கொஞ்சம் ஊற்றினேன். சாம்பார் நின்றது. "எல்லாம் இயற்கைதானே தம்பி?" என்று அவர் போனில் கேட்டார். "அம்புட்டும் இயற்கைதாண்ணே" என்றேன். சொன்னதும் உறுத்தியது, திருத்தவில்லை.

மறுநாள் மதியம் தெருக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் தட்டுகளில் சோறு போட்டோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. எச்சில் தட்டுகளை வாசலோரம் அடுக்கிவிட்டு, புதைக்க மண்வெட்டி எடுத்து வருவதற்குள், நாலு வீடு தள்ளியிருக்கும் பால்காரம்மாவின் மாடு பாதியை முடித்திருந்தது. வைக்கோல் வாசம், மேலே சாம்பார் ருசி. அது ஏன் விடும்? நான் பதறி விரட்ட, அந்த அம்மா சிரித்தார்.

"விடுங்கண்ணே, வைக்கல்தானே. எம் மாட்டுக்கும் சேத்துப் பந்தி போட்டுட்டீங்க."

அன்றிரவு படுத்தும் தூக்கமில்லை. விடிந்ததும் பால் வாங்குகிற சாக்கில் போனேன். மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. "சாயங்காலத்துலருந்து அசை போடல. டாக்டருக்குச் சொல்லிருக்கேன்" என்றார் பால்காரம்மா. பாலை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். அச்சில் வைத்ததை மறந்து ஒரு தட்டைக் கருக்கினேன். மறுபடி அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை போனபோது டாக்டர் வந்திருந்தார். என்ன தின்றது என்று கேட்டார். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பசையைச் சொன்னேன், எவ்வளவு ஊற்றினேன் என்பதையும்.

பால்காரம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

"மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. நீங்க இயற்கைன்னு எழுதுனாலும் எழுதாட்டியும் அது திங்கும். எனக்குக் காது இருக்குல்ல? நேத்தே சொன்னா என்ன?"

டாக்டர் மருந்தைப் புகட்டி, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். உட்காரச் சொல்ல பால்காரம்மாவுக்கு மனமில்லை, உட்கார எனக்கும் முடியவில்லை. மாட்டின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்த பிறகு அது ஒருமுறை அசைந்தது. அப்புறம் நிற்காமல் அசைந்தது. "போடுது" என்றார் பால்காரம்மா, மாட்டிடம் சொல்வது போல.

அங்கிருந்தே பெரியவருக்குப் போன் செய்து பசையைச் சொன்னேன்.

"கோவிலச் சுத்தி எம்புட்டு மாடு திரியுது தெரியுமாய்யா?" என்றார். பிறகு கேட்டார்: "பசை இல்லாம எம்புட்டு நேரம் தாங்கும்?"

"கால் மணி நேரம்ணே."

"ரெண்டாவது சோறு வாங்குறதுக்குள்ள ஒழுகிருமே. சரியாப் பண்ணிட்டுக் கூப்பிடு." வைத்துவிட்டார்.

இப்போது கலவை கிண்டும்போதெல்லாம் பால்காரம்மா கொட்டகைக்கு வெளியே வந்து நின்று கேட்கிறார்: "எம் மாடு திங்கலாமாண்ணே?" யோசிக்காமல் "திங்கலாம்த்தா" என்று சொல்ல முடிந்த கலவை மட்டுமே அச்சுக்குப் போகிறது. நேற்றைய தட்டு அரை மணி நேரம் தாங்கி, பிறகு சொட்டியது. அடுப்பை மறுபடி பற்றவைத்திருக்கிறேன்.