சம்சாரம் என்று சொன்னவர்

கோயில் மைக்கில் ஒரு சாமியார் பேசிக்கொண்டிருந்தார். சம்சாரம் என்றால் சமஸ்கிருதத்தில் சுற்றிச் சுற்றி வருவதாம். பிறந்து, செத்து, மறுபடி பிறக்கிற கடலாம். தாண்டினால்தான் மோட்சமாம். எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் ஊராரிடம் என்னைச் சொன்ன வார்த்தை அது. என்னையா தாண்டச் சொல்கிறார்?

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இந்த வார்த்தை போன இடமெல்லாம் எனக்குத் தெரியும். பென்னாகரத்தில் என்னோடு புளி தட்டிய கௌரம்மா கன்னடக்காரி. "நம்ம சம்சார தொட்டது அக்கா" என்பாள், தன் குடும்பம் பெரிசு என்று. மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று வீடு முழுக்க அவளுக்குச் சம்சாரம். "உங்கூட்டுக்காரருக்கு நீ ஒருத்திதானா?" என்று சிரிப்பாள். "நான் ஒருத்தியே அத்தன பேருக்குச் சமம்டி" என்பேன். டீக்கடை மலையாளத்துக்காரர், தங்கள் ஊரில் பேச்சுக்கே அந்தப் பெயர் என்றார். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் அது குறைச்சல்தான். அவர் அதிகம் பேசமாட்டார்.

என் பேரையும் சொன்னதில்லை. பெண்டாட்டி பேரை வாய்விட்டுச் சொல்ல எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அவ்வளவு கூச்சம். வீட்டுக்குள் "இந்தா புள்ள", வெளியே "நம்ம சம்சாரம்ங்க".

போன வருசம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார். "இவங்க யாருங்க, பெரியவரே?"

"சம்சாரம்."

"பேரு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். மறுபடி கேட்டும் வாய் திறக்கவில்லை. ஞாபகம் போய்விட்டது என்றார் டாக்டர். மகன் அழுதான்.

"அட போடா! நாலு பேரு முன்னால உங்கப்பன் என்னிக்கிடா எம்பேரச் சொன்னாரு?" என்று அதட்டினேன். ஆனாலும் எனக்கும் பயம்தான். நிஜமாகவே மறந்திருந்தால்?

எல்லாரும் வெளியே போனதும் குனிந்து கேட்டேன். "எம்பேரு தெரியுதுங்களா?"

கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. குழறிக் குழறிச் சொன்னார், முழுப் பேரையும். வெட்கத்தில் சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது பேங்கில், ரேசன் கடையில் என் பேரைச் சத்தமாகவே கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறேன். யாராவது இருக்கிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆளில்லை.