உடனிருப்பவர் பெயர்

ஏழு வயதுப் பேத்திக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு என்னிடம் மூன்று சான்றிதழ்கள் உண்டு. கேட்ட சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ளத்தான் அவளுக்கு நேரமாகிறது, இரைச்சலில் இன்னும் அதிகமாகிறது என்றார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா. துறைமுக அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு அது உடனே விளங்கியது. தபால் வந்துவிடுகிறது, உரிய மேசைக்குப் போய்ச் சேரத்தான் தாமதம்.

வகுப்பில் தினம் ஒரு மணி நேரம் வீட்டார் ஒருவர் அவளருகில் உட்கார்ந்து உதவப் பள்ளியில் அனுமதி வாங்கியது நான். மனு, இணைப்பு, நினைவூட்டல் எல்லாம் என் கைவண்ணம். படிவத்தில் ‘உடனிருப்பவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதி, திங்கட்கிழமைக்குச் சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலிலிருந்து சம்பந்தி, மருமகளின் அப்பா, சீலா மீனோடு மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வள்ளத்திலேயே தலை நரைத்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“பாப்பா, மேசைமேல இருக்க நீல ஃபைல எடுத்து, அதுல இருக்க ஃபாரத்த அம்மாட்ட காட்டிட்டு, வரும்போது என் கண்ணாடியையும் கொண்டு வா” என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஒரு கரண்டியைக் கொண்டுவந்தாள்.

சம்பந்தி அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் திரும்பி முகம் பார்க்கும்வரை பொறுத்தார்.

“நீல ஃபைலு.”

ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

“கண்ணாடி.”

அதுவும் வந்தது.

“எஞ்சின் ஓடுத வள்ளத்துல நீளமாப் பேசினா எவனுக்குக் கேக்கும், சம்பந்தி? தட்டணும், மூஞ்சியப் பாக்கணும், ஒண்ணு சொல்லணும். நீங்க பிரசங்கமில்லா வைக்கிய!”

பயிற்சி அம்மா தந்த தாளிலும் அதேதான் இருந்தது. அதை நான் லேமினேட் செய்து, வரிசை எண் போட்டு, ஓடும் மின்விசிறிக்குக் கீழே நின்று பேத்திக்கே முழுதாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். இந்த மனிதர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை.

மிக்ஸி நின்றது. அடுக்களையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்த மருமகள் வந்து, மகளின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“ஸ்கூலுக்கு உன்கூட யாரு வரணும்?”

“கடல் தாத்தா.”

இந்தப் பதிலுக்கு அவளுக்கு நேரமே ஆகவில்லை.

“பஸ்ஸு இருக்குல்லா, நான் வாரேன்” என்றார் சம்பந்தி, யாரும் கேட்குமுன்.

என் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்து, அவர் பெயரை எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். விதி அதுதான். பேனா அழுந்தித் தாள் கிழியப் பார்த்தது.

பின்னாலிருந்து என் தோளில் இரண்டு தட்டு.

“சம்பந்தி, சாப்பாடு.”

நன்றாகவே கேட்டது. நான் திரும்பவில்லை.