ஆய்வு நாளுக்கு வந்த இன்குபேட்டர்

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் பனியன் கம்பெனிகளில் தீயணைப்புக் கருவிகளை மாட்டுவார்கள். எங்கள் பொறியியல் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க ஆய்வுக் குழு வரும் நாளில் இன்குபேட்டர் வரும். எங்கள் நிர்வாகமே நடத்தும் சிறிய மருத்துவமனையிலிருந்து காலையில் வேனில் வரும், மாலையில் திரும்பிவிடும். அதன்மேல் கல்லூரி ஸ்டிக்கரை ஒட்டுவது, உயிர்மருத்துவப் பொறியியல் துறையில் எல்லோருக்கும் இளையவளான என் வேலை.

மருத்துவமனையில் இருந்தது அது ஒன்றுதான். குறைமாதத்தில் பிறந்த என் மகள் சென்ற ஆண்டு அதற்குள்தான் கிடந்தாள். ஸ்டிக்கரை இரண்டு முறை பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

குழு சாப்பிடப் போயிருந்தபோது, அப்போது என் மகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை நர்ஸ் போன் செய்தாள்.

“மேடம், ஏழு மாசத்துல ஒண்ணு பொறந்திருக்குதுங்க. பனியன் கம்பெனி டெய்லர் பொண்ணு ஒருத்தி, மெஷின்ல உக்காந்தபடியே வலி வந்திருச்சு. பொட்டிய அனுப்புங்க.”

துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் கையில் பாயசக் கிண்ணம்.

“ஏனுங்க மேடம், உங்களுக்குக் கொறமாசத்துல பொறந்துச்சுன்னா ஊர்ல பொறக்கறதெல்லாம் உங்க புள்ளைங்களா? கமிட்டிக்காரங்க இன்னும் லேப் பாக்கலீங்க. கொழந்தைய கோயமுத்தூருக்கு அனுப்பச் சொல்லுங்க.”

அதையே நர்ஸிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

குழு ஆய்வகத்துக்கு வந்தது. பெட்டிக்குள் பொம்மை படுத்திருந்தது. குறைமாதக் குழந்தையை எப்போது இதில் வைக்க வேண்டும் என்று குழுவில் மூத்தவர் ஒரு மாணவியைக் கேட்டார்.

“பொறந்த உடனே சார். ஒடம்பு குளிர்ந்தா மூச்சு தவறும்.”

நான் சொல்லிக்கொடுத்த பதில். தலைவர் பெருமையாகச் சிரித்தார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பொம்மையை எடுத்து தலைவர் கையில் கொடுத்தேன். “சார், இது ஆஸ்பத்திரியோட பெட்டி. அங்க ஒரு குழந்தை இருக்கு” என்று குழுவிடம் சொல்லிவிட்டு பெட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனேன். மாணவிகள் ஓடிவந்து வேனில் ஏற்றினார்கள்.

மருத்துவமனை வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். பெட்டியைத் தொடவில்லை.

“நீங்க சொன்னதும் ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டமுங்க. கொழந்த அவிநாசி தாண்டலீங்க மேடம்.”

மறுநாள் ஆசிரியர் அறையில் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எப்படியும் போற கொழந்தைக்கு, தொணைக்கு நம்ம டிபார்ட்மென்ட்டையும் அனுப்பி வெச்சாங்க நம்ம மேடம்.” சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் டீயைக் குடித்தார்கள்.

அன்று வகுப்பில் அந்த மாணவி எழுந்து, “மேடம், போன் வந்தப்பவே அனுப்பியிருந்தா?” என்று கேட்டாள்.

“தெரியலை கண்ணு” என்றேன். கரும்பலகையில், குழுவிடம் அவள் சொன்ன ‘பிறந்த உடனே’ என்ற பதில் இன்னும் என் கையெழுத்தில் இருந்தது.