பால்குடத்துக்குப் பிறகும் வலித்தது

என் குடலில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்த நாளை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு கிள்ளானில் ஒரு திருமண விருந்தில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு வாரத்தில் போக்கு நின்றது, வலி நிற்கவில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அடிவயிற்றை முறுக்கிப் பிழியும். எல்லோரும் "கேஸ்ட்ரிக் லா" என்றார்கள். இங்கே வயிற்றில் எங்கே வலித்தாலும் கேஸ்ட்ரிக்தான் (இரைப்பை அமிலக் கோளாறு).

புற்றுநோயோ என்று பயந்து மாமியார் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ததில் எல்லாம் சரி. கணவர் அறிக்கையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தைப்பூசத்தன்று மாமியார் வெறுங்காலோடு பால்குடம் எடுத்து, அபிஷேகப் பாலை எனக்குத் தந்தார். குடித்தேன். திரும்பும் வழியில் காரிலேயே சுருண்டேன்.

"சாமியே சரி பண்ணிட்டாரு. இன்னும் வலிக்குதுன்னா எப்படிம்மா?" என்றார் மாமியார்.

அதன்பின் வலிக்கிறது என்று சொல்வது சாமிக் குற்றமானது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எட்டு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போனோம். "கேமராவுல புண்ணு தெரியும்; இது தெரியாதும்மா," என்றார். மாஸ்ட் செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) சிலருக்குக் கிருமி போன பிறகும் அடங்குவதில்லை. குடல் நரம்புகளின் பக்கத்திலேயே இருந்து ஹிஸ்டமினை (அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ரசாயனம்) கக்கி, நரம்புகளைத் தூண்டிவிடுகின்றன. கிருமி இருந்தபோது சாப்பிட்ட உணவையே எதிரியாக எண்ணிவிடுவதும் உண்டாம்.

"அந்த வாரம் என்ன சாப்பிட்டீங்க?"

பால். மாமியார் வேளை தவறாமல் ஆற்றிக் கொடுத்த பால்.

பாலை நிறுத்தி, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை எடுத்ததில் இரண்டு மாதத்தில் வலி பாதியானது. எல்லோருக்கும் இது பொருந்தாது என்று டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"அப்போ நெஜமாவே வலிச்சிருக்கு லா," என்றார் கணவர். பக்கத்தில் படுத்திருந்தவருக்கு அதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் அறிக்கையும் சுத்தமாக வரலாம். வலியைச் சொல்வதை நிறுத்தாதீர்கள்.

இந்தத் தைப்பூசத்திலும் மாமியார் டம்ளரை நீட்டினார். எல்லாம் தெரிந்த கணவர், "கொஞ்சமா குடி. அம்மா மனசு கஷ்டப்படும்," என்றார்.

"எனக்கு வலிக்கும்ங்க," என்று திருப்பிக் கொடுத்தேன்.

சாப்பிட்ட பின் வலி வருமா என்று பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் என் நாள் அரை மணி அரை மணியாகத்தான் நகர்கிறது. கோயிலிலிருந்து திரும்பும்போதும் காரில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை. வலிக்கவும் இல்லை.