அது பாலமா, பந்தா?

டைம்கீப்பர் வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. அத்தனையும் பழையவை, அத்தனையும் பொய்யைப் பற்றியவை. போர்க்காலத்தில் அரசாங்கம் சுவரில் என்ன ஒட்டியது, ரேடியோவில் என்ன வாசித்தது, விமானத்திலிருந்து என்ன துண்டுக் காகிதம் வீசியது, அதையெல்லாம் பார்த்த ஜனங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு எதை எழுதிய புத்தகத்தையும் சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டார்.

ஆள் என்னவோ பரம சாது. பஸ் டிப்போ வாசலில் இருக்கும் தகரக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவது அவர் உத்தியோகம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர் கெஞ்சினாலும் கூத்தாடினாலும் இரண்டு நிமிடம் என்றுதான் எழுதுவார். அதே புத்தி புத்தகத்திலும் உண்டு. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் வாங்கிய தேதியும் மணியும் பென்சிலில் இருக்கும்.

“ஊர்ல சண்டை முடிஞ்சு முப்பத்துநாலு வருஷம் ஆச்சு. நம்ம வீட்டுல மட்டும் இன்னும் முடியலியே” என்பாள் மனைவி. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், சமையலறையில் மாவு டின்னுக்குப் பின்னால் என்று எங்கே கை வைத்தாலும் சண்டைதான் தட்டுப்படும் அவளுக்கு. ஆனால் சண்டை ஏன் முடியவில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் பேச மாட்டாள்.

காரணம், அண்ணன்.

அப்போது டைம்கீப்பருக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தான். வாயும் பெரிது, குரலும் பெரிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லையில் இருந்த ஒரு பாலத்தை நம் படை பிடித்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான்: “ஒரே பாலத்தை மூணு தடவை பிடிச்சாச்சு. நடுவுல எப்போ பறிகொடுத்தாங்கன்னு ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பதினைந்து நாள் கழித்து இரண்டு பேர் மில்லுக்கு வந்து, பேசிவிட்டு அனுப்புகிறோம் என்று அண்ணனை அழைத்துப்போனார்கள். அனுப்பினார்கள், ஆனால் வீட்டுக்கு இல்லை. குழி வெட்டும் கூட்டத்தில் சேர்த்து எல்லைக்கு அனுப்பினார்கள். நாலு மாதத்தில் ஒரு வரித் தபால் வந்தது. உடம்பு வரவில்லை.

யார் காட்டிக்கொடுத்தது? அந்தக் கேள்வியைத்தான் டைம்கீப்பர் முப்பத்துநாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார். பதிலும் வைத்திருந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர். வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரமாகவே மெஷினைப் போட்டிருப்பவர். அண்ணன் குரல் தெருவைத் தாண்டும். “அவன் காதுலதான் விழுந்திருக்கும்” என்று அம்மா அழுதாள். அன்றைக்குச் சாத்திய ஜன்னலை டைம்கீப்பர் அப்புறம் திறக்கவே இல்லை. தையல்காரரோடு பேச்சு இல்லை. மகளின் பள்ளிச் சீருடையைத் தைக்க நாலு தெரு தள்ளிப் போனார். ஆறு வருஷத்துக்கு முன் தையல்காரர் செத்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகம் சேர்த்ததும் அதற்காகத்தான். ஒரு சாதாரண மனுஷன் எதிர்வீட்டுக்காரனை எப்படிக் காட்டிக்கொடுக்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால், எங்கேயாவது ஒரு பக்கத்தில் அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

இதில் அவருக்கு ஒரே துணை, பழைய புத்தகக் கடைக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். நகமும் சதையும் மாதிரி. ரயில் நிலையத்துக்குப் பின்னால், கார் ஷெட்டாக இருந்த இடத்தில் கடை. மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி. வியாழக்கிழமை லீவு நாளில் டைம்கீப்பர் போனால், “உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்டா” என்று காலால் பெட்டியை வெளியே தள்ளுவார். எந்த வீட்டில் எந்தக் கிழவர் செத்து அலமாரி காலியானாலும் சண்டைப் புத்தகம் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இந்த வருஷம் கடைக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன். கடையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

“பெட்டியில ஒண்ணும் இல்ல மாமா. ஆனா பரண் மேல ஒரு கட்டு கிடந்தது. பூரா சண்டைப் புஸ்தகம். சண்டைப் புஸ்தகம்னா உங்களுக்குத்தானே? எடுத்துட்டுப் போங்க.”

துணியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்ட கட்டு. பதினோரு புத்தகம். அதில் இரண்டு, டைம்கீப்பர் பல வருஷமாகக் கேட்டு, “கிடைக்கலடா” என்ற பதிலே வந்தவை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டயர் ஆகும்போது மொத்தமாகக் கொடுத்து அசத்தலாம் என்று ஒளித்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல்! மனசு குளிர்ந்துபோனது. கடைசிப் பக்கங்களில் வரிசையாகத் தேதி போட்டார். மணி 11.40.

மறுநாள் கூண்டில், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே, அந்தப் பதினொன்றில் தடிமனானதைப் பிரித்தார். அச்சடித்த புத்தகம் இல்லை. டைப் அடித்த தாள்களைச் சேர்த்துத் தைத்தது. ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று வாராவாரம் ஆள் வைத்துக் கேட்டு எழுதிய அறிக்கை. பால் வாங்கும் வரிசையில் ஒருத்தி சொன்னது, முடிவெட்டும் கடையில் ஒருவன் முணுமுணுத்தது. பதினேழாவது வாரத்தில் இது இருந்தது:

“மர மில் தொழிலாளி சொன்னது: ஒரே பாலத்தை மூன்று முறை பிடித்தாயிற்று, நடுவில் எப்போது பறிகொடுத்தார்கள்? அது பாலமா, பந்தா?” பக்கத்தில் பேனாவால் ஒரு டிக்.

ஆகா, கிடைத்துவிட்டான் தையல்காரன் என்று நெஞ்சு குதித்தது. இன்னொரு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது அந்தக் கடைசி வார்த்தையில் விரல் நின்றது.

அண்ணன் பந்து என்று சொல்லவே இல்லை.

வாய்ப்பேச்சு கை மாறும்போது ஆளுக்கு ஆள் கண் காது மூக்கு வைப்பார்கள் என்றுதான் அவருடைய புத்தகங்களில் பாதி சொல்கின்றன. இந்த மூக்கை வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அவரேதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமாக் கொட்டகை வரிசையில், அண்ணனின் ஜோக்கை இன்னும் கொஞ்சம் ஜோராக்க வேண்டும் என்று, “அது பாலமா, பந்தா?” என்று ஒட்டுப்போட்டுச் சொன்னார். ஒரே ஒருவனிடம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மூன்று இருபது வண்டி உள்ளே வந்தது. அதை எழுத மறந்துபோனார். முப்பது வருஷ சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டைம்கீப்பர் கையில் புத்தகக் கட்டோடு நின்றுகொண்டே சொன்னார்: “எங்க அண்ணன் சொன்னதுல பந்து இல்லடா.”

எந்தப் பந்து என்று கடைக்காரர் கேட்கவில்லை. “அந்தக் கட்டை யாரு கொடுத்தது?” என்றார்.

“உன் மருமக. அவளைத் திட்டாதே. நமக்குள்ள இருக்கற அசிங்கம் அவளுக்கு என்ன தெரியும்?”

“எரிச்சிருக்கணும். ரெண்டு தடவை தீப்பெட்டியை எடுத்தேன். புஸ்தகக்காரன் புத்தி, கை வரல.”

“ஏன்டா செஞ்ச?”

“வாரத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தா சண்டைக்கு அனுப்ப மாட்டோம்னாங்க. அந்த வாரம் எழுத ஒண்ணுமே சிக்கல. நீ சொன்னது சிரிப்பா இருந்தது, எழுதினேன். ஆளைத் தூக்குவாங்கன்னு சத்தியமாத் தெரியாதுடா.”

“தூக்கின பிறகு தெரியுமில்ல? தையல்காரர்தான்னு நான் உன்கிட்ட எத்தனை தடவை புலம்பியிருப்பேன்?”

“தையல்காரர்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

“இல்லேன்னும் சொன்னதில்லையேடா, பாவி!”

கடைக்காரர் கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டார். டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார். டைம்கீப்பருக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. “அதெல்லாம் போகட்டும். வாராவாரம் எனக்குன்னு தேடித் தேடிப் புஸ்தகம் எடுத்து வெச்சியே, அது எதுக்கு?”

“உன் கைக்கு வர்றதுக்கு முன்னால நான் ஒரு தடவை பாக்கணும்ல” என்றார் கடைக்காரர்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் பாருங்கள்! ஜனங்கள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த அதிகாரிகளைப் பற்றி டைம்கீப்பரிடம் முப்பது புத்தகமாவது இருக்கும். தனக்கென்று ஒரு அதிகாரி, டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னித்திருப்பார். பத்தொன்பது வயசு, பயம். அந்தப் பெட்டியை மன்னிக்க முடியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பது இதுதான். கட்டைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டு வெளியே வந்தார். “டேய்” என்று பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

தெருவுக்கு வந்தவர் தன் வீட்டுக்குள் போகவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரரின் மனைவி திறந்தாள். யார் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அக்கா, எங்க அண்ணனைக் காட்டிக்கொடுத்தது உங்க வீட்டுக்காரர்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அவர் இல்ல. எழுதிக் கொடுத்தது என் சிநேகிதன். அவன்கிட்ட போய் உளறினது நான்.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மெஷின் ஜன்னல் ஓரமாக அப்படியே இருந்தது, மேலே துணி போர்த்தி.

“இதுக்குத்தானா?” என்றாள். “அந்தத் தம்பிக்கு நான் என்னடி செஞ்சேன், என்ன செஞ்சேன்னு கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். துணி ஏதாவது கெடுத்துட்டேனான்னு பழைய அளவு நோட்டையெல்லாம் எடுத்துப் பாத்தார்.”

“எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுக்கா.”

“சந்தேகம் அன்னைக்கே இருந்ததில்ல? வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இல்லேன்னு சொல்லியிருப்பார். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எட்டடி ரோடுதானே தம்பி இருந்தது?”