லண்டன் – ஹாம்பர்க்: வானில் இரண்டு மணி, கடிகாரத்தில் மூன்று

லண்டனிலிருந்து ஹாம்பர்க் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தூரம் சுமார் எழுநூற்று நாற்பது கிலோமீட்டர். இப்போது ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் போன அறுபதுகளில் இரண்டு மணி ஆகும். அந்த இரண்டு மணியை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்கு வேலை. சாம்பிள் மிளகோடு லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல குளிர்காலம். அங்கே வைத்து என் தம்பி சந்துருவிடமிருந்து தந்தி வந்தது. சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவன், உடம்பு முடியாமல் ஹாம்பர்க் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கிட்னியில் ஆபரேஷன், அதற்கு முன்னால் உன்னைப் பார்க்கணும் என்று அடித்திருந்தான். உடனே விமானம் விசாரித்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு ஒரு விமானம், பதினொன்றுக்கு ஒன்று. ஒன்பதில் இடம் இருந்தது. ஆனால் ஊரில், கொச்சங்காடியில் இருக்கும் எங்கள் கம்பெனிக் கிடங்கிலிருந்து ராகுகாலத்தில் ஒரு சாக்குகூட வண்டி ஏறாது. அந்தப் பழக்கம் விடுமா? பையிலிருந்த கொச்சி நேரக் கடிகாரத்தைப் பார்த்தேன். லண்டன் ஒன்பது என்றால் ஊரில் இரண்டரை. வியாழன் ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று. நடு ராகுகாலத்தில் ஆபரேஷனுக்குக் கிளம்புவதா! பதினொரு மணி விமானத்தில் ஏறினேன். ஒரு மணிக்கு இறங்கினால் போதுமே என்று நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

இறங்கினால் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு! என் வாட்சில் ஒன்று. டாக்சிக்காரரிடம் வாட்சை நீட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு விரலைக் காட்டினார். ஜெர்மனி ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறதாம். நம் நாட்டில் கொச்சிக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே நேரம், எனக்கு எங்கே தோன்றும்? வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது இரண்டே முக்கால்.

சந்துரு கட்டிலிலேயே இருந்தான். பக்கத்தில் ஒரு நர்ஸ் கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தாள். மூன்று மணி அடிக்காமல் ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறான்.

"ராகுகாலமாக்கும் அண்ணா. நீ ஏன் இவ்வளவு நேரம்?"

"நானும் ராகுகாலம் கழியட்டும்னுதான்டா இருந்தேன்."

"அது எப்படி? இங்கே ஒன்றரைக்குத்தானே ஆரம்பம்?"

ஊர் நேரத்தை வைத்துப் பார்த்தேன் என்றேன். வலியோடு சிரித்தான். சிரித்துக்கொண்டே, "பயமா இருக்கு அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று அடிக்கும்வரை விடவில்லை.

சாயங்காலம் கண் விழித்தான். இப்போது மட்டாஞ்சேரியில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறான்.

கேட்டவருக்குச் சொல்கிறேன்: விமான நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலை முதல் விமானத்தை விடாதீர்கள். ராகுகாலம் பார்க்கும் குடும்பம் என்றால், எந்த ஊர்க் கடிகாரப்படி என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊர் நேரப்படி என்று பேசி வைத்திருந்தால், அவன் இரண்டு மணிக்கே ஆபரேஷனுக்குப் போயிருப்பான், அதற்கு முன்னால் நான் அவனைப் பார்த்திருக்க முடியாது.