திருவிழாவிலிருந்து எண்ணிய பத்து மாதம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் ஒரு வீட்டில் சமைத்தேன், மலைநாட்டில் ஒரு பங்களாவில் பிள்ளை பார்த்தேன், சுருவிலில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தேன். ஓரிடத்திலும் நிலைத்ததில்லை. அறுபதுகளின் நடுவில் தீவுப் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கு எடுபிடி செய்யும் அற்றெண்டன் வேலை கிடைத்தது. பிரசவ வார்டில் நான் பிடித்த முதல் வாளி இராசமலருடையது. ஆமணக்கெண்ணெயைக் குடித்ததும் வாந்தி எடுத்தாள்.

நாள் பிந்திய பெண்களுக்கு அப்போது அதுதான் ஒழுங்கு. எண்ணெய், எனிமா, சுடுதண்ணீர்க் குளிப்பு. பிரசவ நோ வராவிட்டால் டொக்டர் தண்ணீர்க்குடத்தை உடைத்து, சேலைன் போத்தலில் மருந்து ஏற்றுவார். கருப்பை வாய் இளகியிருந்தால் வேலை செய்யும். இளகாவிட்டால் எதை ஏற்றினாலும் வீண். ஏற்கெனவே பெற்றவளுக்குச் சுலபம், தலைச்சன்காரிக்குக் கடினம். எல்லாவற்றுக்கும் முன்னால் நாட்கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் தெற்கில் கடை வைத்திருந்தார்கள். ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு வருவார்கள், போவார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அதிலிருந்துதான் கணக்கு. டொக்டரும் அந்தக் கணக்குக்குப் பழகியிருந்தார்.

இராசமலருக்குத் தாய் இல்லை. கூட வந்தவள் புருஷனின் தாய்.

"மாதத் துடக்கு கடைசியா எப்ப வந்தது?" டொக்டர் இராசமலரைத்தான் கேட்டார்.

"அவளுக்கு என்ன தெரியும் ஐயா?" என்றாள் மாமி. "என்ரை மகன் திருவிழாவுக்கு வந்திட்டுப் போனவன். அதிலையிருந்து எண்ணுங்கோ. இப்ப பங்குனியும் முடியுது. பிள்ளை உள்ளுக்கை கிடந்து முத்தப்போகுது."

"அப்பிடியோ பிள்ளை?"

இராசமலர் மாமியைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

"வயிறு சின்னனாக் கிடக்குது."

"அவளே ஒரு சுண்டங்காய். வயிறு மட்டும் பூசணிக்காயா இருக்குமோ?"

பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி சிரித்தார். நானும் சிரித்தேன்.

எண்ணெயும் எனிமாவும் அவளைத் துவள வைத்ததே தவிர நோ வரவில்லை. அடுத்த நாள் டொக்டர் சோதித்தார். "ஒரு விரல்தான் நுழையுது. இன்னும் கொஞ்சம் பொறுப்பம்."

"செத்துப் பிறந்தா நீங்களோ ஐயா பதில் சொல்லுவியள்?"

நாள் பிந்தி வந்த ஒரு பிள்ளை அண்மையில்தான் அவர் கையில் இறந்துபோயிருந்தது. குடத்தை உடைத்தார். போத்தல் ஏறியது.

பின்னேரம் நான் முகம் துடைத்துவிடும்போது இராசமலர் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவர் ஆவணியிலையும் வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலை என்ரை அக்கா வீட்டிலை நிக்கேக்கை. தாயை வந்து பாக்காமல் திரும்பினவர். சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். திருவிழாவுக்குப் பிறகு எனக்குத் துடக்கு வந்தது."

ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "குடம் உடைச்சாச்சு. இனித் திரும்ப ஏலாது."

விடியப் பிறந்தது. பெண். நகம் விரல் நுனிக்கு வரவில்லை. முனகி முனகி மூச்சு விட்டது. மத்தியானம் வரை இருந்தது.

டொக்டர் மாமியிடம் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். "இது பிந்தின பிள்ளை இல்லை அம்மா. நாள் முந்திப் பிறந்த பிள்ளை. ஆவணிக் கணக்கு."

மாமி விரல் மடித்து எண்ணினாள். அழுகை நின்றது.

"அப்ப இது ஆருடைய பிள்ளை?"

தந்தி கிடைத்து மாத்தறையிலிருந்து மகன் வந்தான். வார்டு வாசலிலேயே மாமி மறித்தாள்.

"நீ ஆவணியிலை வந்தனியோ?"

உள்ளே கட்டிலில் இராசமலர் எழும்பி உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான் திருவிழாவுக்கு மட்டும்தானம்மா வந்தனான்."

இராசமலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்து அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னாள். கூடப் பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்றார்கள். அவள்தான் இராசமலரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு நாள் கேட்கும்போது அறைக்குள் டொக்டரும் மிஸ்ஸியும் அந்தப் பெண்ணும் மட்டும். மாமிமாரை வெளியே மறிப்பது என் வேலை. ஏசாத மாமி இல்லை.

இன்று வார்டுக்கு வரும் பிள்ளைகளே, நோ வரவைக்க என்னென்னவோ மருந்து வந்துவிட்டது. முதல் கேள்வியைக் கேட்கும் முன் கதவைச் சாத்துங்கள். புருஷனையும் வெளியே விட்டுச் சாத்துங்கள்.